நாற்பத்தோராம் பக்கம்

முதலில் அந்தத் தாளை உருவிவிடுகிறார் பெனியாசி. ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நாற்காலியில் சரியாக உட்கார்ந்துகூட இருக்க மாட்டார். அதற்குள் கிளிப்பைக் கழற்றி, இரண்டாம் இயலுக்குப் புரட்டி, படம் போட்ட பக்கத்தைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்து, அதன்மேல் எலுமிச்சை இலைத் தேநீர்க் குவளையையும் வைத்துவிடுகிறார். படத்தில் தோணி இருக்கலாம், பூமாலை இருக்கலாம், பாதி முடைந்த பாய் இருக்கலாம். எதுவானாலும் குவளைக்கு அடியில்தான்.

"ம், இப்ப சொல்லு. என்ன கண்டுபிடிச்சே?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

வந்தவர் சொல்லத் தொடங்குவார். எத்தனை ஊருக்குப் போனார், யார் யாரைக் கேட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று பத்து நிமிடம் கோர்வையாகவே சொல்வார். குவளைக்கு அடியில் கிடக்கும் தோணியின் நினைப்பு ஒரு தரம்கூட அவருக்கு வராது. பெனியாசி ஒரு கண்ணை மட்டும் திறப்பார். "தூணை உருவிட்டேன். வீடு அப்படியே நிக்குது. அப்ப அது தூணா, இல்ல சும்மா சாத்தி வச்ச கட்டையா?" என்பார். வந்தவர் அப்போதுதான் தாளைப் பார்ப்பார். அதில் குவளையின் ஈரவட்டம் விழுந்திருக்கும்.

தீவு நாட்டுத் தலைநகரான சுவாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் அவருடைய அறை. உயரமானவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். மழை பெய்தால் சுவரில் ஓதம் ஏறும், சுவாவில் மழை பெய்யாத நாளை எண்ணிவிடலாம். கதவில் 'ஆய்வு எழுத்து உதவி' என்று எழுதியிருக்கிறது. அவர் பேராசிரியர் இல்லை, முனைவரும் இல்லை. ஆனால் பேராசிரியர்களே தங்கள் மாணவர்களிடம், "ரெண்டாவது சாப்டரைப் பெனியாசிகிட்ட காட்டிட்டு வா" என்று அனுப்புகிறார்கள். அது உத்தரவு மாதிரிதான்.

வயது ஐம்பத்து மூன்று. இடுப்பில் வேட்டி மாதிரியான கறுப்பு சூலுவை மடிப்புக் கலையாமல் கட்டியிருப்பார். சிவப்பு மையைத் தொட மாட்டார், பென்சில்தான். பதினோரு மணிக்கு உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டி ஒன்று வாங்கி, பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தாளில் பொதிந்து ஜன்னலில் வைப்பார். ஏன் என்று கேட்டால் மழை நின்றதும் சாப்பிடலாம் என்பார். ஆய்வேட்டில் 'முழுமையான அணுகுமுறை' என்ற சொல் வந்துவிட்டால் அவருக்குக் காது அரிக்கும், நிஜமாகவே சொறிந்துகொள்வார்.

எந்தக் கண்ணால் பார்த்தேன் என்று ஆய்வு செய்கிறவர் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் இரண்டாம் இயலில் சட்டகம், அதைப் படமாகவும் போடுவார்கள். முன்பெல்லாம் கப்பலேறி வந்த சட்டகங்கள்தான் இங்கே புழங்கின, வாயில் நுழையாத பெயர்களோடு. பிறகு நம்முடையதை நாமே செய்துகொள்ளலாம் என்று ஆனது. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஆளாளுக்கு ஒரு தோணி வரையத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் இயலில் தோணி கட்டுவார்கள். ஆறாம் இயல்வரை அதில் ஒருவரும் ஏற மாட்டார்கள். மீன்பிடியைப் பற்றி எழுதிய ஒரு டோங்காக்காரரிடம் பெனியாசி சொன்னது இன்றும் தேநீர்க் கடையில் உலவுகிறது. "ஏம்ப்பா, இவ்வளவு நல்லா படகு கட்டிட்டு நீந்தியா கரை சேந்தே?"

அவருடைய மேசைக்குப் பின்னால் சுவரிலும் ஒரு படம் இருந்தது. அது அவரே வரைந்தது. நம் ஊர் வீடு ஒன்று. நான்கு மூலைத் தூண்கள்: நிலம், உறவு, சபை, உழைப்பு. மேலே ஓடும் முகட்டு உத்தரம் மரியாதை. தரையில் விரித்த பாய் பேச்சு, பாயின் நடுவே கவாக் கிண்ணம், சபை கூடினால் எல்லோரும் குடிக்கும் வேர்ச்சாறு. ஊரோடு உட்கார்ந்து பேசி, பேச்சிலிருந்து உண்மையை எடுப்பது என்பது அதன் சாரம். பதினான்கு வருடம் முன்பு ஒரு பயிற்சிப் பட்டறைக்காக வரைந்தார். அன்றிலிருந்து இருபத்தேழு ஆய்வேடுகளில் அந்த வீடு ஏறியிருக்கிறது, கீழே அவர் பெயரோடு. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க மேசை இழுப்பறையில் நகல்கள் எப்போதும் இருக்கும். அந்த வீட்டைப் போட்ட ஆய்வேடு வந்தால் மட்டும் அவர் தாளை உருவ மாட்டார். குவளை கையிலேயே இருக்கும். இதை யாரும் கவனித்ததில்லை, அல்லது கவனித்தவர்கள் வாயைத் திறந்ததில்லை.

அவருடைய சொந்த ஆய்வேடும் அதே வீட்டின்மேல்தான் நிற்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் ஏன் பாதியில் பள்ளிக்கூடத்தை விடுகிறார்கள் என்பது பொருள். நாற்பத்தாறு ஊர்களில் கவாக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து பதிவு செய்த பேச்சு. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள், நாற்பத்தோராம் பக்கத்தில் வீடு. பதினான்கு வருடமாக அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். பல்கலைக்கழகமும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த ஜூன் முப்பது, மாலை நான்கரை மணி, அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது, பதிவு ரத்து என்று கடிதம் அனுப்பியது. இந்தத் தடவை அவரும் தயாராகிவிட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் அச்சாகிப் பெட்டியில் இருந்தன. அலுவலக எழுத்தர், "ஐயா, முத்திரையைத் துடைச்சு வச்சிருக்கேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கும்போது பெனியாசிக்கு வெட்கமும் சந்தோஷமுமாக இருக்கும்.

மே மாதக் கடைசியில் உனைசி வந்தாள். அவள் நர்ஸ். நாற்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகள், பெரிய சிரிப்பு. அவள் ஆற்றங்கரை ஊர்க்காரி, பெனியாசி தீவுக்காரர். இரண்டு ஊருக்கும் ஆதியில் ஏதோ ஒரே வேர் என்று சொல்லி, பிறக்கும்போதே கேலிமுறை வந்துவிடுகிறது. ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். பொருளைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். பறிகொடுத்தவர் முகம் சுளிக்கக் கூடாது, சுளித்தால் ஊருக்கே அவமானம். இந்த உரிமையில் உனைசி இதுவரை அவருடைய இரண்டு குடைகளையும், ஒரு மேசை விசிறியையும், ஜன்னலில் வைத்த ரொட்டிப் பாதிகளைக் கணக்கில்லாமலும் கொண்டுபோயிருக்கிறாள்.

அன்றைக்கும் ரொட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவள் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வுனிசாலா என்ற ஊரில் தாய்மார் ஏன் குழந்தைகளைத் தடுப்பூசிக்குத் தாமதமாகக் கொண்டுவருகிறார்கள் என்று எழுதியிருந்தாள். அவள் ஒன்பது வருடம் வேலை பார்த்த சுகாதார நிலையம் அங்கேதான் இருக்கிறது. சட்டகம் பெனியாசியின் வீடு. ஊர் சொன்ன காரணம்: தூரம், ஆற்றில் வெள்ளம், படகு கிடைப்பதில்லை. தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். அறுபத்து மூன்று மேற்கோள்கள் இருக்கின்றன, தாய்மாரைப் பற்றிய ஆய்வில் ஒரு தாயின் மேற்கோள்கூட இல்லையே, ஏன்? பதிலோடு ஜூன் பதினான்குக்குள் திரும்பக் கொடுக்க வேண்டும். தவறினால் அவளுடைய மூன்று வருடப் படிப்புவிடுப்பு வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தன்னால் முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னாள்.

பெனியாசி பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்றார். வீட்டில் உத்தரம் மரியாதை. பெரியவர்கள் பேசும்போது பெண்கள் வாசல் பக்கம் அமைதியாக இருப்பதும் மரியாதைதான். அந்த அமைதியையும் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன் என்று இரண்டு பாரா எழுதிவிட்டால் தேர்வாளர் வாயை மூடிக்கொள்வார் என்றார். உனைசி ரொட்டியை மென்றுகொண்டே அவர் கையைப் பார்த்தாள்.

"மச்சான், என் தாளை உருவலையா?"

"அது எதுக்கு? உன் வீடு நல்ல வீடு."

"உங்க வீடு. அதனால உருவல."

அவர் குவளையிலிருந்து ஒரு வாய் குடித்தார். அவள் கைப்பேசியை எடுத்து ஒரு பதிவை ஓடவிட்டாள். முதலில் பாத்திரச் சத்தம், யாரோ தேங்காய் துருவும் சத்தம், பிறகு பெண்களின் சிரிப்பு. வுனிசாலாவில் கவா முடிந்து ஆண்கள் அரட்டையில் இருந்தபோது, வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும் சமையல் குடிசைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஒப்புதல் தாளில் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதிவில் ஒருத்தி சொன்னாள்: "சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. உங்க ஊசியவிட உங்க வாய்தான் வலிக்கும்." மறுபடி சிரிப்பு. இன்னொருத்தி தொடர்ந்தாள். குழந்தையை எடை போட்டுவிட்டு வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும், இது என்ன எலிக்குஞ்சா, நீ என்னதான் ஊட்டுகிறாய் என்று சிஸ்டர் கேட்பாராம். அதற்குப் பயந்துதான் குழந்தை கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிப்போடுவார்களாம். தேறுவதற்குள் ஊசி நாள் போய்விடும்.

உனைசி பதிவை நிறுத்தினாள். "படகுமில்ல, வெள்ளமுமில்ல மச்சான். நான்தான்" என்றாள். பிறகு, இதை எழுதாமல் விட்டதற்கு நல்ல காரணம் கிடைத்தது என்றும் சொன்னாள். சட்டகத்தில் பாய்தான் பேச்சு, பாயில் பேசியதுதான் தரவு. சமையல் குடிசை படத்திலேயே இல்லை. "உங்க வீட்டுல சமையல்கட்டு இல்லேன்னு பாத்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? உள்ளுக்குள்ள உங்களைக் கும்பிட்டேன்." இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

பெனியாசி தொண்டையைக் கனைத்துவிட்டு, சமையலறைப் பேச்சு வம்புதானே, அதைத் தரவு என்று எப்படிச் சொல்வது என்று ஆரம்பித்தார். உனைசி எழுந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த படத்தைக் கழற்றினாள். "என் முறை. எடுத்துக்கிறேன்" என்றாள். கீழே இறங்கி அதை மேசையில் வைத்து, அவர் கையிலிருந்த குவளையை வாங்கி அதன்மேல் வைத்தாள்.

"இப்ப சொல்லுங்க. பதினாலு வருஷமா என்ன கண்டுபிடிச்சீங்க?"

அவர் வாயைத் திறந்தார். நாற்பத்தாறு ஊர் என்று தொடங்கினார். நாற்பத்தாறு ஊரிலும் பாய் விரித்துக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்தது அந்தப் படம் சொன்னதால். யார் பேசியதை எழுதினார், யார் எழுந்து போனதை எழுதவில்லை, எல்லாம் அந்தப் படம் சொன்னபடி. அதை விட்டுவிட்டு ஒரு வாக்கியம்கூட அவருக்கு வரவில்லை. மற்றவர்களுடையது சாத்தி வைத்த கட்டை. இவருடையது நிஜமான தூண், உருவினால் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் சரிந்துவிடும். தான் வைத்த பரீட்சையில் தானே தேறிவிட்டார், பாவம், அதில்தான் வினையே இருந்தது.

உனைசி கேட்டது ஒன்றே ஒன்று. சமையல் குடிசைப் பேச்சைச் சேர்த்துத் திருத்தி எழுத அவள் தயார். ஆனால் அவளுடைய நெறியாளர், பெனியாசியே எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம், அடுத்தவர் வீட்டில் நான் கைவைக்க மாட்டேன் என்றுவிட்டார். அந்தக் கடிதம் வேண்டும். வந்தால் அது கோப்பில் ஏறும். கோப்பில் ஏறினால் ஜூலையில் பெனியாசியின் ஆய்வேட்டைப் படிக்கப்போகிறவர்களும் அதைப் படிப்பார்கள். இது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். முகம் சுளிக்கக் கூடாது என்பதால் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எடுத்துட்டுப் போ மச்சினி. யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

யோசித்தார் என்று சொல்ல முடியாது, பொருமினார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வருகிறவர்களின் தாளை உருவ மறந்தார். ஒரு சமோவாக்காரி தானே தன் படத்தை எடுத்து அவர் குவளைக்கு அடியில் வைக்கப் போனபோது, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து சாப்பிடும்போது மனைவி தோரிகாவிடம் விஷயத்தைக் கொட்டினார். கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் ஆறிக்கொண்டிருக்க, உனைசியின் வாய்த்துடுக்கைப் பற்றியே பேசினார். கேலிமுறை என்றாலும் ஓர் அளவு வேண்டாமா என்றார். தோரிகா அவர் தட்டில் கீரையை வைத்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"நாப்பத்தாறு ஊருக்கும் நான் உங்ககூட வந்தேன். நாப்பத்தாறு தடவையும் சமையல் வீட்டுலதான் இருந்தேன். அங்க என்ன பேசினாங்கன்னு என்னை ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். என்ன பேசினார்கள் என்று இப்போது கேட்டார். பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை, தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சொன்னது அவருக்கு மனப்பாடம். தோரிகா சொன்னது வேறு. பையனுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் கொடுப்பது வெறும் மரவள்ளிக்கிழங்கு. மற்ற பிள்ளைகள் ரொட்டியும் மீனும் திறக்கும்போது இவன் டப்பாவைத் திறக்க மாட்டானாம். பசியோடு மூன்று நாள் போவான், நாலாம் நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வான். அம்மாக்களுக்குத் தெரியும், அப்பாக்களிடம் சொல்வதில்லை. "எத்தனை ஊர்ல சொன்னாங்கன்னு நான் எண்ணல. எண்ணுறது உங்க வேலையாச்சே" என்றாள். அவருக்குக் கோபம் வரவில்லை, அவமானமாக இருந்தது. அன்று கீரை அப்படியே மிஞ்சியது.

ஜூன் பன்னிரண்டாம் தேதி கடிதம் எழுதினார், அரைப்பக்கம்தான். நான்கு தடவை கிழித்துப்போட்ட பிறகு நின்றது இவ்வளவு: 'நான் வரைந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சமையல் வீடு உண்டு. வரைந்தபோது அதை விட்டுவிட்டேன். திருமதி உனைசி அங்கே கேட்டதும் தரவுதான். பிழை என்னுடையது.' கையெழுத்தைப் போட்டு, அவரே படியேறிப் போய் நெறியாளர் கையில் கொடுத்தார். உனைசி பதினான்காம் தேதி கொடுத்துவிட்டாள். திருத்திய ஆய்வேட்டில் முதல் மேற்கோளே ஊசியும் வாயும் பற்றியதுதான், சிஸ்டர் யார் என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள். நன்றி சொல்ல வந்தவள் ஜன்னலில் ரொட்டி இல்லாததைப் பார்த்து, "என்ன மச்சான், முழுசா தின்ன ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள். அவர் அன்று ரொட்டியே வாங்கவில்லை.

மீதி இருந்தது அந்தப் பெட்டி. எழுத்தர் மட்டும் அல்ல, அவருடைய நெறியாளரும்கூட, முதலில் கொடுத்துவிடு, குறையைப் பிறகு கட்டுரையாக எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் பெரிய பாவம் எதுவும் இல்லை. பெனியாசி எல்லோருக்கும் சரி சரி என்றார்.

ஜூன் முப்பது வெள்ளிக்கிழமை. பெட்டியிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவிப் பையில் வைத்துக்கொண்டு, காலைப் பேருந்தில் தோரிகாவோடு அவளுடைய ஊருக்குப் போனார். அவர் முதன்முதலில் பதிவு செய்த ஊர் அதுதான். மருமகன் வந்திருக்கிறார் என்று மத்தியானமே பாய் விரித்துவிட்டார்கள். தோரிகாவின் அண்ணன் கவாவைக் கரைத்துக்கொண்டே, "மேல வாங்க மச்சான், உங்க இடம் காலியா இருக்கு" என்றார். பெனியாசி உட்கார்ந்தார். ஒரு சிரட்டை குடித்து, முறைப்படி கைதட்டினார். பிறகு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, குனிந்தபடியே பாயின் ஓரமாக நடந்து பின்வாசல் வழியாக வெளியே போனார். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சமையல் குடிசையில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். அவர் தலை தெரிந்ததும் பேச்சு நின்றுபோனது. அண்ணன் மனைவி, "என்ன, அங்க கவா தீந்துபோச்சா?" என்றாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோரிகா கீரையைக் கிள்ளிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "துருவுற வேலை இருக்கு. கொடுங்க அவருக்கு" என்றாள்.

தேங்காய் துருவும் பலகையை வாசலோரம் தள்ளிவிட்டார்கள். அவர் சூலுவை ஒதுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். ஒரு கால் குட்டையாக இருந்ததால் பலகை ஆடியது. பையில் கைப்பேசி அடித்தது. எழுத்தர்தான், மணி நாலேகால். அடித்து ஓயும்வரை விட்டார். பிறகு எழுந்து, பையைத் திறந்து, நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்து நாலாக மடித்தார். குனிந்து அதைப் பலகையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகி, ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து தேங்காய் மூடியை எடுத்துத் துருவத் தொடங்கினார்.